அக்கா வண்டிக்குக் கூரைத் துணி ஒட்டியபோது

அக்கா,

என் தையல் கடைக்குப் பக்கத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை காலியாகி, அந்த இடத்தில் இப்போது குஷன் கடை வந்திருக்கிறது. ஆட்டோ சீட், பைக் சீட், சோபா என்று எல்லாம் தைக்கிறார்கள். இன்று காலை நான் ஷட்டரைத் தூக்கிய நேரம், அவர்கள் ரெக்சின் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வரவில்லை. முதலில் வந்தது வெட்கம்தான். காது மடல் இரண்டும் சுட்டன. என் கை தானாகப் பின்பக்கம் போய்ப் புடவையைத் தொட்டுப் பார்த்தது. நனைந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள், தலைமுடி நிறைய மஞ்சள் தூளோடு.

அந்தத் தூளோடுதான் அன்றைக்கும் என் கடை வாசலில் வந்து நின்றீர்கள். உங்கள் அப்பா ஏலத்தில் எடுத்த, மூக்கு நீண்ட அந்தப் பழைய பிக்கப்பைச் சாக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கித் தலையைத் தட்டிக்கொண்டீர்கள். தூள் பறந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று கேட்டேன்.

"கோயிலாவது ஒண்ணாவது. வண்டி கூரை கொட்டுதுடி. உள்ள இருக்கிற ஃபோம் உளுத்துப் போய் மாவாட்டம் வுழுது. நேத்து ஒரு சந்தனக் கலர் பொடவை மடிப்புக்குள்ள பூந்துடுச்சு. என் தம்பி காட்டுக் கத்து கத்தறான்" என்றீர்கள்.

உங்கள் தம்பி நூல் கொடுத்து நெய்ய வைக்கிறவர். சாயம் போட்ட நூலை ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டுக்குக் கொண்டுபோய்த் தறி வீடுகளில் கொடுப்பதும், நெய்து முடித்த சேலைகளைச் சீட்டில் பக்கத்தில் அடுக்கிக் கொண்டு வருவதும் உங்கள் வேலை. ஊரில் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுவார்கள், கார் கூட ஓட்டுவார்கள். லாரி மாதிரி கியர் போடுகிற வண்டியை ஐம்பத்தைந்து வயதில் ஓட்டுகிறவர் நீங்கள் ஒருவர்தான். சத்தமாகப் பேசுகிறவரும் நீங்கள்தான். நீங்கள் பஜாரில் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

பெரிய பட்டறைகளில் கேட்டுப் பார்த்தீர்களாம். அந்தக் காலத்துக் கம்பி டைப் கூரையை இப்போது யாரும் செய்வதில்லை, அட்டை வெட்டி ஒட்டித் தருகிறோம் என்றார்களாம். உங்களுக்கு மனசு வரவில்லை. பழைய துணியைக் கழற்றிச் சுருட்டிக் கொண்டுவந்து என் கட்டிங் மேஜையில் விரித்துப் போட்டீர்கள். அழுக்கேறி, ஓரமெல்லாம் மக்கிப் போன சாம்பல் நிறத் துணி. குறுக்கே நான்கு இடத்தில் பட்டி தைத்திருந்தது. அந்தப் பட்டிக்குள்தான் வளைந்த கம்பிகள் நுழையும். கம்பியின் இரண்டு முனையும் கதவுக்கு மேலே இருக்கிற துளைகளில் உட்காரும். துணி கூரையோடு ஒட்டாமல் அந்தக் கம்பிகளில் தொங்கும். சுற்று ஓரத்தை மட்டும் இழுத்துத் தகரத்தில் ஒட்ட வேண்டும்.

"பாவாடைக்கு நாடா பட்டி தைக்கிறே இல்ல, அதேதான். கொஞ்சம் பெரிய பாவாடை" என்றீர்கள்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் நான் சிரிப்பதை அடக்கப் பழகியிருந்தேன். தும்மலை அடக்க, இருமலை அடக்க, தண்ணீர் குடிக்காமல் இருக்க, எல்லாவற்றுக்கும் பழகியிருந்தேன்.

கர்ப்பப்பையை எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது என்றார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் சிறுநீர் கசிய ஆரம்பித்தது. சிரித்தால், தும்மினால், குடத்தைத் தூக்கினால். உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆகவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எழுந்தபோது என் நாற்காலி ஈரமாக இருந்தது. பின்னால் இருந்த ஒரு அம்மா, "யாரோ தண்ணி பாட்டில சாய்ச்சிட்டுப் போயிருக்காங்க பாரு, பொடவை நனைஞ்சிடுச்சேம்மா" என்று தன் கைக்குட்டையை எடுத்து என் பட்டுப் புடவையைத் துடைத்துவிட்டார். அவர் கை பட்ட இடம் இன்றைக்கும் எரிகிறது, அக்கா. நான் சாப்பிடாமல் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. பஸ்ஸில் ஏறவில்லை. வெளிர் நிறப் புடவைகளை எல்லாம் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு, அதை யாருக்கும் தெரியாமல் துவைத்து, கொல்லையில் வேறு துணிக்கு அடியில் காயப்போட்டேன். என் வீட்டுக்காரர் செய்யாறு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவர் கம்பெனி பஸ் ஏறிய பிறகுதான் அந்தத் துணிகள் வெளியே வரும்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் பெண் சென்னையில் மாசமாக இருந்தாள். ரத்தக்கொதிப்பு இருந்ததால் அங்கேயே டாக்டர் பார்க்கட்டும் என்று முடிவானது. நான் போய் அவளோடு இருக்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரம் பஸ். நான் வளைகாப்புக்கே காய்ச்சல் என்று சொல்லி, இவரை மட்டும் வளையலும் புடவையும் கொடுத்து அனுப்பியவள். பெண் பிறகு போன் செய்து கேட்டாள்: "அம்மா, உனக்கு வர்றதுக்கு இஷ்டம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடும்மா. அவங்க வீட்ல கேக்கறாங்க. நான் என்னான்னு சொல்றது?" ஆடி முடிந்து முகூர்த்த நாள் வருகிறது, ஜாக்கெட் ஆர்டர் குவிந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் உங்கள் கூரைத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். பழையதைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக வைத்து, கிரீம் நிறத்தில் கெட்டித் துணி வெட்டினேன். நடுக்கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு வெட்டு போட்டு வைத்தேன். இதுவரை மனித உடம்புக்குத் தைத்தவள், வண்டிக்குத் தைத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வண்டிக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

ஒட்டுகிற அன்றைக்கு, சேவூரில் வயல் ஓரமாக இருந்த உங்கள் தகர ஷெட்டுக்கு வந்தேன். நல்ல வெயில். துணி மிருதுவாக இருக்கும், வெயிலில்தான் சுருக்கம் போகும் என்று நீங்கள்தான் மத்தியான வேளையைக் குறித்தீர்கள். நான்கு கம்பிக்கும் வளைவு வேறு வேறு என்பதால், மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு நிறப் பட்டு நூலைக் கட்டி வைத்திருந்தீர்கள். பின்பக்கம் சிவப்பு, முன்பக்கம் பச்சை, நடுவே மஞ்சளும் நீலமும். தகரத்தின் உள்பக்கம் சூடு தாங்கச் சணல் படுதாவை முந்தின நாளே ஒட்டியிருந்தீர்கள். சீட்டுக்கும் புது உறை போட்டிருந்தீர்கள். வெளிர் நீலம். துணி உறை. அதைப் பார்த்ததும் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி உங்கள் வீட்டுக் கழிவறைக்குப் போய்விட்டு வந்து ஏறினேன்.

நன்றாகத்தான் போனது. பின் ஓரத்தை ஒட்டிக் கிளிப் போட்டோம். கம்பிகளைத் துளைகளில் உட்கார வைத்தோம். பிறகு இரண்டு பக்க ஓரத்துக்கும் சொல்யூஷன் தடவினோம். தகரத்திலும் தடவி, துணியிலும் தடவி, விரலில் ஒட்டி ஒட்டாமல் வருகிற பதம் வரைக்கும் காத்திருந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்து ஒட்ட வேண்டும். ஒருவர் அதிகமாக இழுத்தால் மற்றவர் பக்கம் கோணும். சீட்டின் மேல் முழங்காலிட்டு, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, நீங்கள் டிரைவர் பக்கமும் நான் இந்தப் பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்த நீலக் கம்பி துளையிலிருந்து நழுவியது. டங்கென்று துள்ளி வந்து உங்கள் கொண்டைக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. கையை எடுக்க முடியாது. தலையை அசைத்தால் முடி இழுக்கிறது. நீங்கள் அப்படியே சிலை மாதிரி அசையாமல், "டேய், வுடுடா! பொம்பள தலையில கை வெக்கிறியே, ஒனக்கு அக்கா தங்கச்சி இல்ல?" என்று கம்பியைத் திட்டினீர்கள்.

சிரித்துவிட்டேன். இரண்டு வருஷமாக அடக்கிய சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. நிறுத்த முடியவில்லை. நீங்களும் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததால் நான் இன்னும் சிரித்தேன். பிறகு தொடையில் சூடு இறங்கியது. கொஞ்சம் இல்லை. எல்லாம்.

என் சிரிப்பு நின்றதை நீங்கள் கவனித்தீர்கள். "இன்னாடி?" என்றீர்கள். உங்கள் கண் என் முகத்திலிருந்து கீழே இறங்கியது. வெளிர் நீலம் என் முழங்காலைச் சுற்றிக் கருநீலமாகிப் பரவிக்கொண்டிருந்தது. மூடிய கேபின், சொல்யூஷன் நெடி, அதையும் மீறி வந்த அந்த வாடை. கதவைத் திறந்து ஓடிவிடலாம் என்று கையை எடுக்கப் போனேன்.

"கைய எடுக்காத!" என்று கத்தினீர்கள். "எடுத்தியோ, மொத்தமும் வீணு. அழுத்திப் புடி."

என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை, அக்கா. இரண்டு கையும் மேலே. முகத்தை மூட முடியாது. புடவையை இழுத்துவிட முடியாது. கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது, அதையும் துடைக்க முடியாது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, கட்டை விரலால் ஓரத்தை அழுத்திக்கொண்டே கேட்டீர்கள்.

"எவ்ளோ நாளா?"

"ஆபரேஷன் பண்ணதுல இருந்து."

"ரெண்டு வருசமாவா? ஒங்க வூட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதனாலதான் மவ கிட்ட போவாம கீறியா?"

நான் ஓரத்தை இன்னும் அழுத்தினேன். பிறகு, நான் உங்களிடம் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில் பேசினீர்கள்.

"கட்டிக் குடுத்த வூட்ல, கொழந்த இல்லன்னு என்னைத் திருப்பி அனுப்பனாங்க இல்ல? அன்னிக்கு எங்கப்பா இந்த வண்டியிலதான் வந்து இட்டுகினு வந்தாரு. ஆரணி கிட்ட வரவர எனக்கு ஒடம்பெல்லாம் ஒதறுது. சீட்ட வுட்டு எறங்கி, கீழ கால் வெக்கிற எடத்துல குந்திகினேன். அப்பா, மேல குந்தும்மான்னாரு. நான் எழுந்துக்கல. பஜார்ல யாரோ வண்டிய நிறுத்தி அவராண்ட பேசறாங்க, பொண்ணு எப்பிடி கீறா நாயக்கரேன்னு கேக்கறாங்க. நான் அவரு காலாண்ட குந்திகினு கீறேன். நல்லா கீறான்றாரு. நான் தலையத் தூக்கி இந்தக் கூரையையே பாத்துகினு இருந்தேன்."

"அப்புறம் எப்பக்கா மேல உக்காந்தீங்க?" என்று கேட்டேன். அது ஒரு கேள்வியா என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

"எங்கப்பா படுத்துட்டாரு. தம்பி சின்னப் பையன். நூலு கெடக்குது, யாராவது ஓட்டணுமே" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். பசை பிடித்ததும் கொண்டையில் சிக்கிய கம்பியை விடுவித்துத் துளையில் உட்கார வைத்து, கிளிப்புகளை மாட்டிவிட்டு இறங்கினீர்கள்.

நான் இறங்கவில்லை. என்னால் முடியவில்லை. நீங்கள் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மறுபடி ஏறி ஸ்டார்ட் செய்து, முன் ஓரம் ஒட்டாத துணி நம் இருவர் நெற்றியிலும் வந்து வந்து மோத, வண்டியை என் வீடு வரைக்கும் ஓட்டிவந்து, கதவு என் வாசல்படியை ஒட்டி வருகிற மாதிரி ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தினீர்கள். நான் தெருவில் கால் வைக்காமல் வீட்டுக்குள் போனேன். அந்தச் சீட் உறையை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்க வாய் வரவில்லை.

அடுத்த வாரம் என்னை வேலூருக்கு அழைத்துப் போனீர்கள். போகமாட்டேன் என்றேன். நூல் வாங்கப் போகிறேன், கூட வா என்று பொய் சொல்லி ஏற்றினீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. பதிவு செய்கிற இடத்தில் கண்ணாடித் தடுப்பு. அந்தப் பக்கம் இருந்த பெண், என்ன பிரச்சனை என்று கேட்டாள். நான் வாய்க்குள் ஏதோ சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறையும் கேட்கவில்லை. நீங்கள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்ச் சொன்னீர்கள்.

"ஒண்ணுக்கு நிக்கலம்மா இவளுக்கு! சிரிச்சா வுட்டுடறா!"

அந்தக் கூடம் முழுக்கத் திரும்பியது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம். என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற, ஆரணியில் நான்கு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெண். அவள் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நான் வெளியே வந்து ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீங்கள் தேடிக்கொண்டு வந்தீர்கள்.

"உங்களுக்கு வெக்கமே கெடையாதாக்கா?" என்று கேட்டேன். "என்னைச் சந்தி சிரிக்க வைக்கத்தான் இட்டுகினு வந்தீங்களா?"

"மெதுவா சொன்னா அந்தப் பொண்ணுக்குக் கேக்கலடி" என்றீர்கள்.

நீங்கள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உங்கள் முகமும் சிவந்திருந்தது. ஆனால் அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

டாக்டர் ஒரு இளம் பெண். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது, வேறு எதற்கோ வந்தது போலப் பேசிவிட்டு, எழுந்திருக்கிற நேரத்தில்தான் சொல்வார்கள் என்றார். அடிவயிற்றுக்குக் கீழே இருக்கிற தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பல மாதம் விடாமல் செய்ய வேண்டும், குறையும், குறையாவிட்டால் மேலே பார்க்கலாம் என்றார்கள். திரும்பி வரும்போது நான் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வழியெல்லாம் அந்த ஒட்டாத துணி படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்கவில்லை. கடை வாசலில் ஹாரன் அடித்தீர்கள், நான் உள்ளே மெஷினில் குனிந்துகொண்டேன். விஷயம் ஊருக்குள் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "ஒடம்பு இப்போ பரவால்லையாக்கா?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே கண் என் மடிக்குப் போகும். ஒரு நாள் சமையலறை அலமாரியில் ஒரு பொட்டலம் இருந்தது. பேப்பரில் சுற்றி, சணல் கட்டியிருந்தது. பிரித்தால், பெரியவர்களுக்கான பேட். இவர் செய்யாறில் இறங்கி எந்தக் கடையில் என்ன சொல்லிக் கேட்டு வாங்கினாரோ. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன், அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. அவள் போன் செய்வதையே நிறுத்தியிருந்தாள். ஒரு காலை நான் கடையைத் திறக்காமல் நேராக உங்கள் ஷெட்டுக்கு நடந்து வந்தேன். நீங்கள் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு டயர் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டீர்கள்.

"முன்பக்கம் ஒட்டலையே" என்றேன்.

"நீ வருவேன்னுதான் வுட்டு வெச்சேன்" என்றீர்கள். பிறகு டயரைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நான் அவ்ளோ சத்தமா சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு மெதுவா பேச வராது" என்றீர்கள்.

முன் கண்ணாடி ரப்பரை ஒரு கரண்டிக் காம்பால் நெம்பித் தூக்கி, துணி ஓரத்தை அங்குலம் அங்குலமாக உள்ளே செருகினோம். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலைக்குப் போனோம். நான் ஒரு பழைய துண்டை மடித்துச் சீட்டில் போட்டு அதன்மேல் முழங்காலிட்டிருந்தேன். முதல் தடவையாக அதை உங்களுக்கு எதிரிலேயே விரித்தேன். முகம் எரிந்தது. நீங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒட்டி முடித்து வண்டியை வெயிலில் நிறுத்தினோம். ஓரங்களில் இருந்த மடிப்புகள் சூட்டில் மெல்ல இழுத்துக்கொண்டு மறைவதை, கேபினுக்குள் வேர்த்து வழிய உட்கார்ந்து பார்த்தோம். பட்டு மாதிரி வழவழவென்று நின்றது.

"மெட்ராஸ் போலாமா?" என்றீர்கள்.

அந்த வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. எல்லா பெட்ரோல் பங்கிலும் நிறுத்தினீர்கள். எல்லா பங்கிலும் இறங்கி, "பாத்ரூம் எங்கப்பா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டீர்கள். நான் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு உங்கள் பின்னால் வந்தேன். உங்களுக்குத் தேவையே இல்லாதபோதும் நீங்கள் எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டு வந்தீர்கள். பூட்டியிருந்த ஓர் இடத்தில் சாவி கொண்டுவரச் சொல்லிச் சண்டையே போட்டீர்கள். என் பெண் வீட்டு வாசலில் போய் நின்றபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்து, "இதுலயாம்மா வந்த?" என்றாள்.

மறுநாள் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, அவள் தலைக்குப் பின்னால் இருந்துகொண்டு சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "இதுக்காகவாம்மா வளைகாப்புக்கு வரல?" என்றாள். "இதுக்காகத்தான்" என்றேன். அவள் என் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு பெற்ற மகளுக்கு, அதுவும் அந்த நிலையில் இருப்பவளுக்கு, அம்மாவின் இந்த விஷயத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டேனே என்று கூசியது.

பேரன் பிறந்தான். பயிற்சியில் கசிவு பாதிக்கு மேல் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. போன மழைக்காலத்தில் நீங்கள், முள்ளிப்பட்டில் ஒரு தறி வீட்டில் நூலை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சொம்பைக் கொண்டுவந்தவர் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாராம். நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை என்பதால், முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாராம்.

உங்களைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நான் வந்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். என்னை அங்கே கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, அக்கா. ஓங்கி அழுதால் வயிறு குலுங்கும். குலுங்கினால் கசியும். அவ்வளவு பேர் நடுவில், உங்கள் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டது. சுவர் ஓரமாக நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். தொண்டையில் கிளம்பியதை எல்லாம் விழுங்கினேன். உங்களோடு அவ்வளவு பழகியவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு இல்லை பாரு என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாண மண்டபத்தில் வெட்கப்பட்டேன், உங்கள் சீட்டில் வெட்கப்பட்டேன், ஆஸ்பத்திரியில் வெட்கப்பட்டேன். அவை எல்லாம் உடம்பின் வெட்கம். உங்கள் முன்னால் நின்று என் புடவையைப் பற்றி நினைத்தேனே, அதுதான் என்னை இன்னும் விடாமல் அரிக்கிறது. நீங்களாக இருந்தால் நனைந்தால் நனையட்டும் என்று விழுந்து புரண்டு அழுதிருப்பீர்கள்.

இன்றைக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்றால், மத்தியானம் ஒரு பெண் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். புதியவள். பிரசவம் ஆகி ஆறு மாதம் இருக்கும், அளவெல்லாம் மாறிவிட்டது என்றாள். எனக்குக் கையில் வேலை இருந்தது. உட்காரும்மா, ஐந்து நிமிஷம் என்று ஸ்டூலைத் தள்ளினேன். "பரவால்லக்கா, நிக்கிறேன்" என்றாள். மறுபடி சொன்னேன். ஸ்டூலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேணாங்க" என்றாள். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள், என் கடை ஸ்டூலில் உட்காரக் கூசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவள் தும்மினாள். தும்முவதற்கு முன்னால் காலைக் குறுக்கே மாற்றி வைத்து, சுவரைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கால் மாற்றி வைப்பதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

நான் மெஷினை நிறுத்தினேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். வெளியே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" என்றாள்.

"எனக்கும் ஒண்ணுக்கு நிக்காதும்மா!" என்றேன்.

லாரி அதற்குள் போய்விட்டிருந்தது. குரல் தெரு வரைக்கும் போனது. எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குத் தலையிலிருந்து கால் வரை வேர்த்துவிட்டது. அவள் முகம் வெளிறியது, சிவந்தது, பிறகு சுருங்கியது. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அக்கா. வண்டி இல்லை, பஸ்ஸில்தான். நடுவில் இரண்டு இடத்தில் பாத்ரூமுக்கு இறங்கி ஏற வேண்டியிருக்கும், கண்டக்டரிடம் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அவளால் வாய் திறக்க முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். இப்போதே உள்ளங்கை ஈரமாகிவிட்டது.